குடை, தொப்பி, வெள்ளைப் பந்து: 1960களின் பிரிட்டிஷ் உளவுத் தொடர்கள் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ‘தி அவெஞ்சர்ஸ்’ தொடரை முதல் எபிசோடிலிருந்து பார்க்க ஆசை. கிடைக்கிற டிஸ்க் தொகுப்புகள் எல்லாம் பாதியில் தொடங்குகின்றன. முதல் வருஷம் எங்கே போயிற்று? (கோயம்புத்தூர்)

பதில்: பெரும்பகுதி அழிந்தே போயிற்று. 1961 ஜனவரி 7 அன்று தொடங்கிய முதல் வருஷத்தில் மொத்தம் 26 எபிசோடுகள். இன்று முழுசாக இருப்பவை ‘கேர்ள் ஆன் தி ட்ரபீஸ்’, ‘தி ஃப்ரைட்டனர்ஸ்’, 2016இல் கண்டெடுத்த ‘டனல் ஆஃப் ஃபியர்’ என்ற மூன்றுதான். முதல் எபிசோடான ‘ஹாட் ஸ்னோ’வில் ஆரம்பப் பகுதி மட்டும் தப்பியிருக்கிறது. கதாநாயகன் ஸ்டீட் தலைகாட்டும் முன்பே அது முடிந்துவிடுகிறது!

காரணம் பணம்தான். அப்போது இரண்டு அங்குல அகல வீடியோ டேப்பில் பதிவு செய்தார்கள். டேப்பின் விலை அதிகம், ஆனால் அழித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். நடிகர் சங்க ஒப்பந்தங்களால் மறுஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது. திரும்பப் போட முடியாத நிகழ்ச்சியை அலமாரியில் வைத்துக் காப்பதால் கம்பெனிக்கு என்ன லாபம்? வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் மட்டும் ஒரு ஃபிலிம் பிரதி எடுப்பார்கள். அப்படி எடுத்த பிரதிகளால்தான் ஆனர் பிளாக்மன் நடித்த இரண்டாம், மூன்றாம் வருஷங்களின் 52 எபிசோடுகளும் இன்று நம் கையில் இருக்கின்றன.

தொலைந்தவற்றுக்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. அந்தக் காலத்தில் ஜான் குரா என்பவர் டிவி திரையை நேராகப் படமெடுத்து, அந்தப் புகைப்படங்களை நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுவந்தார். அவற்றை வரிசையாக அடுக்கிக் கதையை ஓரளவு ஊகிக்கலாம். இன்னொன்று, பிக் ஃபினிஷ் நிறுவனம் பழைய கதைகளைப் புது நடிகர்களை வைத்துத் தயாரித்த ஒலி நாடகங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க இரண்டாவதுதான் சுகம்.

கேள்வி: 1963 எபிசோடு மங்கலாக இருக்கிறது. 1965 எபிசோடு நேற்று எடுத்ததுபோல் பளிச்சென்று இருக்கிறது. என் டிஸ்க்கில் கோளாறா? (சேலம்)

பதில்: டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. 1964 வரை ஸ்டூடியோவில் மின்னணுக் கேமராக்களால் 405 வரி முறையில், அதாவது படத்தை 405 கிடைவரிகளாகக் காட்டும் பழைய டிவி முறையில், எடுத்தார்கள். தப்பிய பிரதி என்பது ஒரு மானிட்டர் திரையை ஃபிலிம் கேமரா படமெடுத்த பதிவு. மூலத்திலேயே இல்லாத நுணுக்கத்தை எந்த ரீமாஸ்டரிங்காலும் வரவழைக்க முடியாது. டேப்பை வெட்டி ஒட்டுவது பெரும்பாடு என்பதால் காட்சிகளை நாடகம்போல ஓட்டமாகவே பதிவு செய்தார்கள். வசனம் தடுமாறுவதும், மைக்கின் நிழல் சுவரில் விழுவதும், தள்ளினால் ஆடுகிற சுவரும் அப்படியே நின்றுவிட்டன.

டயானா ரிக் வந்த 1965இலிருந்து தொடர் 35 மி.மீ. ஃபிலிமுக்கு மாறியது. மூல நெகட்டிவ் இருப்பதால் அதை ஸ்கேன் செய்தால் ப்ளூ-ரே தரம் தானாகவே கிடைக்கிறது. ஆனால் இதிலும் ஒரு சங்கதி உண்டு. ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சியாக மாறும் இடங்களில் சில நொடிகள் மட்டும் படம் திடீரென்று சொரசொரப்பாகும். பலர் இதைப் பார்த்துவிட்டு டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த மாற்றங்களை ஆப்டிகல் பிரிண்டரில், அதாவது ஃபிலிமை மறுபடி படமெடுக்கும் இயந்திரத்தில், செய்தார்கள். அங்கே இருப்பது நெகட்டிவின் நகல், அதனால்தான் துகள் கூடுகிறது. எழுத்துகள் மேலே ஓடும் இடங்களிலும் இப்படித்தான்.

தெளிவு கூடினால் சங்கடமும் கூடும். 405 வரியில் தெரியாத பின்திரைக் காட்சிகளும், சண்டையில் ரிக்குக்குப் பதிலாகப் பாய்கிற டூப்பும் இப்போது அப்பட்டமாகத் தெரிகிறார்கள்.

கேள்வி: வண்ணத்தில் வந்த ‘அவெஞ்சர்ஸ்’ எபிசோடுகளை 1967இல் பிரிட்டனில் வண்ணத்திலேயே பார்த்தார்களா? (கொழும்பு)

பதில்: இல்லை. தொடர் வந்த ஐடிவி சேனலில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியதே 1969 நவம்பர் 15இல்தான். வண்ணம் அமெரிக்க நெட்வொர்க்குக்காக, அங்கிருந்து வந்த காசில் எடுத்தது. டயானா ரிக் நடித்த எம்மா பீலின் உடைகளை அலுன் ஹியூஸ் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் வடிவமைத்தார். உள்ளூர் ரசிகர் அதையெல்லாம் சாம்பல் நிறத்தில்தான் பார்த்தார்.

கேள்வி: லண்டனில் இருக்கும் தம்பி பிரிட்டிஷ் டிஸ்க்குகளை வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். சென்னையில் ஓடுமா? டொரண்டோவில் இருக்கும் அக்காவுக்கும் ஒரு செட் வேண்டும். (சென்னை)

பதில்: வாங்குவதற்கு முன் ரீஜன் எண்ணை, அதாவது டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று சொல்லும் குறியீட்டை, பாருங்கள். பிரிட்டன் டிவிடி ரீஜன் 2, ப்ளூ-ரே ‘பி’. இந்தியாவும் இலங்கையும் டிவிடிக்கு 5, ப்ளூ-ரேக்கு ‘சி’. கனடா 1, ‘ஏ’. சிங்கப்பூர், மலேசியா 3, ‘ஏ’. அதாவது கடையில் வாங்கியபடியே இருக்கும் பிளேயரில் பிரிட்டிஷ் டிஸ்க் இந்த நாடுகள் எதிலும் ஓடாது.

டிவிடி என்றால் தப்பிக்க வழி இருக்கிறது. பல பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தினால் ரீஜன் பூட்டு திறந்துகொள்ளும். உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். கம்ப்யூட்டர் டிரைவில் கவனம் தேவை. ரீஜனை 5 முறைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். வி.எல்.சி. போன்ற மென்பொருளில் மாற்றாமலேயே ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ப்ளூ-ரே பூட்டு கடினமானது. பெரும்பாலும் ‘மல்ட்டி ரீஜன்’ என்று மாற்றி விற்கும் பிளேயரைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

அக்காவுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. பிரிட்டிஷ் டிவிடி 50 ஹெர்ட்ஸ் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறை. இந்தியாவிலும் அதுவே என்பதால் உங்களுக்குச் சிக்கலில்லை. வட அமெரிக்க டிவிகள் சில 50 ஹெர்ட்ஸை ஏற்காமல் கறுப்புத் திரை காட்டும். ரீஜன் சரியாக இருந்தாலும் படம் வராது. அதனால் ‘பால்’ முறையை வட அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறைக்கு மாற்றித் தரும் பிளேயரா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொரு செய்தி. இந்தப் பழைய தொடர்களை அக்கறையோடு வெளியிட்டுவந்த பிரிட்டனின் நெட்வொர்க் நிறுவனம் 2023இல் மூடப்பட்டது. அதன் டிஸ்க்குகள் இனி கைமாறித்தான் வரும். விலையும் விற்பவர் இஷ்டம்.

கேள்வி: என் 55 அங்குல டிவியில் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள். (தூத்துக்குடி)

பதில்: டிவி 4:3 படத்தை இழுத்துப் பரப்புகிறது. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுவதால் ஸ்டீடின் தொப்பி தோசைக்கல் ஆகிறது. படத்தின் அளவு அமைப்பில் 4:3 அல்லது ‘ஒரிஜினல்’ என்று வையுங்கள். ‘ஜூம்’ வைத்தால் முகம் சரியாகும். ஆனால் உயரத்தில் கால்பங்கு வெட்டுப்பட்டு, தொப்பியே காணாமல் போகும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழத்தான் செய்யும், அதுதான் சரி. உங்கள் டிவியில் படம் 45 அங்குலப் பழைய 4:3 டிவியில் தெரிகிற அளவு இருக்கும்.

கூடவே இதையும் செய்யுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை முழுக்க அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபிலிமில் எடுத்தது வீட்டு வீடியோபோல் ஆகிவிடும். ஷார்ப்னஸைக் குறையுங்கள், கூட்டினால் ஃபிலிம் துகள்கள் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். ‘சினிமா’ மோடை வைத்துவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்துவிடலாம்.

கேள்வி: ‘தி பிரிசனர்’ – 17 எபிசோடுகளை எந்த வரிசையில் பார்ப்பது? ஆளுக்கொரு வரிசை சொல்கிறார்கள். (திருச்சி)

பதில்: சண்டை ஓயாது, ஆனால் மூன்று எபிசோடுகளில் சச்சரவே கிடையாது. ‘அரைவல்’ முதலில். ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ கடைசிக்கு முந்தியது. ‘ஃபால் அவுட்’ கடைசி. நடுவே உள்ள 14இல்தான் குழப்பம். காரணம், 1967 செப்டம்பரில் ஒளிபரப்பு தொடங்கியபோது படப்பிடிப்பே முடிந்திருக்கவில்லை. தயாரானதை எடுத்துப் போட்டார்கள்.

கதைக்குள்ளேயே தடயங்கள் இருக்கின்றன. எட்டாவதாக வந்த ‘டான்ஸ் ஆஃப் தி டெட்’டில் மர்ம ஊரில் சிறைப்பட்ட, பெயருக்குப் பதில் எண்ணால் அழைக்கப்படும் கதாநாயகன் ஆறாம் எண், தான் இங்கே புதிது என்கிறான். ஏழு வாரம் கழித்துச் சொல்கிற பேச்சா இது? ஒன்பதாவதாக வந்த ‘செக்மேட்’டிலும் ஊரின் நடைமுறை தெரியாதவனாகவே இருக்கிறான். இரண்டையும் ‘அரைவல்’லுக்கு அடுத்துக் கொண்டுவாருங்கள். காலின் கோர்டன் இரண்டாம் எண்ணாக, அதாவது ஊரை நடத்தும் அதிகாரியாக, வரும் இரண்டில், ‘தி ஜெனரல்’லை முன்னாலும் ‘ஏ. பி. அண்ட் சி.’யைப் பின்னாலும் வையுங்கள். பின்னதில்தான் அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தோல்வியைத் தாங்கமாட்டேன் என்பதுபோல் தவிக்கிறார். நைஜல் ஸ்டாக் ஆறாம் எண்ணாக வரும் எபிசோடை எங்கே வைத்தாலும் பொருந்தாது. வழக்கமாக அந்த வேடத்தில் நடித்த பாட்ரிக் மக்கூகன் ஒரு ஹாலிவுட் படத்துக்குப் போனதால் செய்த ஏற்பாடு அது. பின்பகுதியில் வைத்துவிட்டு மேலே போகலாம்.

கடைசி இரண்டும் அடுத்தடுத்த கதையாக இருந்தாலும், முன்னதை எடுத்துப் பல மாதம் கழித்தே பின்னதை எடுத்தார்கள். இரண்டிலும் இரண்டாம் எண்ணாக வரும் லியோ மக்கெர்னின் தோற்றம் இடையே மாறிவிட்டது. அதனால்தான் ‘ஃபால் அவுட்’டில் அவருக்கு முகம் மழிக்கும் காட்சி வருகிறது.

கேள்வி: ‘தி பிரிசனர்’ தொடரில் தப்பி ஓடுகிறவர்களைத் துரத்துகிற அந்த வெள்ளைப் பந்து என்ன? (மதுரை)

பதில்: வானிலை பலூன். முதலில் காவல் வண்டியாக ஓர் இயந்திரத்தைச் செய்தார்கள், அது தண்ணீரில் எடுபடவில்லை. பலூனைக் காட்சிக்கு ஏற்றபடி நிரப்பினார்கள். மிதந்து எழ வேண்டுமானால் ஹீலியம், தரையோடு உருள வேண்டுமானால் உள்ளே கொஞ்சம் தண்ணீர். பலூன் கடலிலிருந்து பொங்கி வருவது போன்ற சில ஷாட்கள் ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டிக் கிடைத்தவை. அந்த இயந்திரமே வேலை செய்திருந்தால் இந்தத் தொடரை இத்தனை பேர் நினைவு வைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

கேள்வி: ‘தி பிரிசனர்’ எடுத்த ஊரை நேரில் பார்க்க முடியுமா? (லண்டன் ஹாரோவிலிருந்து)

பதில்: தாராளமாக. வடக்கு வேல்ஸில் இருக்கும் போர்ட்மேரியன். கட்டடக் கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் 1925இல் தொடங்கி 50 வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டியது. பகலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். மாலையில் கூட்டம் வெளியேறிய பின் வெறிச்சோடிய தெருக்களைப் பார்க்க வேண்டுமானால் ஹோட்டலில் அறை எடுக்க வேண்டும். செலவைப் பொறுத்துக்கொண்டால் ஒரு ராத்திரி தங்குவதே மேல்.

ரயிலில் போனால் பர்மிங்ஹாம், ஷ்ரூஸ்பரி வழியாக மின்ஃபோர்த் ஸ்டேஷன். அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். ஏமாறுகிற இடம் மஹன்த்லெத். அங்கே ரயில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி அபெரிஸ்ட்வித்துக்கும் மறுபாதி புல்ஹெலிக்கும் போகும். ஏறும்போதே புல்ஹெலி பெட்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் திரையில் தெரிவதைவிட மிகச் சின்னது. உள்ளறைக் காட்சிகள் அத்தனையும் போரம்வுட் ஸ்டூடியோவில் போட்ட செட் என்பதால், பச்சைக் குவிமாடத்துக்குள் இரண்டாம் எண்ணின் சுழல் நாற்காலியைத் தேடாதீர்கள். ஆறாம் எண்ணின் வீடு இப்போது நினைவுப்பொருள் கடை. கரையில் நிற்கும் படகு கல்லால் கட்டியது, மிதக்காது. ஆறாம் எண் ஓடிய மணல்வெளியில் இறங்குவதற்கு முன் ஓத நேர அட்டவணையைப் பாருங்கள். ஆற்று முகத்துவாரம் என்பதால் தண்ணீர் வேகமாக ஏறும்.

கேள்வி: ஐடிசி கம்பெனியின் தொடர்களில் வெள்ளை ஜாகுவார் வந்தாலே மலையிலிருந்து விழுகிறதே? (ஈரோடு)

பதில்: விழுந்தது ஒரே ஒரு முறை. காரைப் பள்ளத்தில் தள்ளிப் படமெடுப்பது செலவு. அதனால் ஒருமுறை எடுத்த ஷாட்டைத் தொடருக்குத் தொடர் வெட்டி ஒட்டினார்கள். அந்த ஷாட்டுக்குப் பொருந்துவதற்காகவே கதையில் வில்லனுக்கு வெள்ளை ஜாகுவார் கொடுப்பார்கள். ஆகவே கார் வந்ததுமே முடிவு தெரிந்துவிடும்!

கேள்வி: ‘தி மேன் ஃப்ரம் அங்கிள்’ பற்றி ஏன் எழுதுவதில்லை? (நாகர்கோவில்)

பதில்: அமெரிக்கத் தயாரிப்பு. டேவிட் மக்கல்லம் ஸ்காட்லாந்துக்காரர், அவ்வளவுதான் உறவு.

கேள்வி: கோர்கி பொம்மை செட், அவெஞ்சர்ஸ் கார்கள் இரண்டும் சேர்ந்தது, விற்பனைக்கு வந்திருக்கிறது. எதைச் சரிபார்க்க வேண்டும்? (பினாங்கு)

பதில்: 1966இல் வந்த கிஃப்ட் செட் 40. அதில் ஸ்டீடின் பென்ட்லி, எம்மாவின் வெள்ளை லோட்டஸ் எலான், இருவரின் சிறு உருவங்கள், மூன்று குடைகள் இருக்க வேண்டும். பென்ட்லி சிவப்பிலும் பச்சையிலும் வந்தது, பச்சை அரிது. முதலில் குடைகளை எண்ணுங்கள். குழந்தைகள் தொலைத்தது அவற்றைத்தான், இன்று தனியாக நகல் செய்து விற்பதும் அவற்றைத்தான். பெட்டியும் நகலாகக் கிடைக்கிறது. மடிப்புகளில் தேய்மானமே இல்லாமல் அட்டையின் உள்பக்கம் வெளுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். காரின் அடிப்பாகம், ரிவெட்டுகள், பெட்டியின் உள்தட்டு மூன்றுக்கும் தனித்தனிப் படம் கேளுங்கள். ரிவெட்டைத் துளைத்துத் திறந்த தடம் இருந்தால் மறுபடி பெயின்ட் அடித்த கார். நகல் பாகங்கள் எவை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், குடைகளே இல்லாத செட்டுக்குக் கொடுக்கும் விலைக்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி: குடை, தொப்பி, வேடிக்கை எல்லாம் போதும். வேடிக்கையில்லாத உளவாளி யாராவது உண்டா? (யாழ்ப்பாணம்)

பதில்: ‘கேலன்’. 1967இல் தொடங்கிய தொடர், எட்வர்ட் உட்வர்ட் நடித்தது. அரசாங்கத்துக்காகக் கொலை செய்கிற, அதை வெறுக்கிற, பொம்மைப் படைவீரர்களைச் சேகரிக்கிற மனிதன். கறுப்பு வெள்ளை எபிசோடுகளில் சில அழிந்துவிட்டன. இருப்பவற்றை எடுத்த வரிசையிலேயே பாருங்கள். லோன்லி என்ற திருடனோடு அவனுக்கு உள்ள உறவு அப்போதுதான் படிப்படியாகப் பிடிபடும். லோன்லி நிறைய வசவு வாங்குகிறவன், பயந்தால் நாறுகிறவன். நடிப்புக்காக மட்டும் பார்ப்பதென்றால் அவெஞ்சர்ஸுக்கு முன்னால் இதைத்தான் சொல்வோம்.