செமிகோலன், டாஷ், நடுவில் மாட்டிக்கொண்ட கமா

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். வேலையில் சேர்ந்த புதிதில் எழுதிய முதல் ரிப்போர்ட்டை மேனேஜர் திருப்பி அனுப்பியிருக்கிறார், கமாக்களையும் செமிகோலன்களையும் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் "இது டாஷா, ஹைஃபனா?" என்று வேறு எழுதி. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன்தான், பேசும்போது யாரும் குறை சொன்னதில்லை, இந்தக் குறிகளை எங்கே போடுவது என்றுதான் பிடிபடவில்லை, பேசாமல் போடாமலே இருந்துவிடட்டுமா அக்கா என்று கேட்கிறீர்கள்.

போடாமலே இருக்கலாம். ஒரு செமிகோலன்கூட இல்லாமல் ஆயுள் முழுக்க நல்ல ஆங்கிலம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் யாருக்கும் வேலை போனதில்லை. ஆனால் நீங்கள் எடுத்துப் போட்டிருந்த மூன்று வாக்கியங்களைப் பார்த்தால், உங்களுக்குத் தகராறு செமிகோலனோடு இல்லை, கமாவோடு. போட வேண்டாத இடத்தில் கமா போடுகிறீர்கள். அந்த இடத்துக்கு உரியது செமிகோலன் என்று தெரிந்தால் பாதி வட்டங்கள் காணாமல் போய்விடும்.

இது உங்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. தமிழில் எழுதிப் பழகிய கை அப்படித்தான் போகும். தமிழில் ஒரு வாக்கியத்துக்குப் பெரும்பாலும் ஒரு வினைமுற்றுதான், அதுவும் கடைசியில். அதற்கு முன்னால் வந்து, பார்த்து, கேட்டுவிட்டு, கிடைக்காததால் என்று எச்சங்களாக எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம், நடுவில் கமா போட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆங்கிலத்தில் எழுவாயும் முற்றுவினையும் சேர்ந்து நின்றுவிட்டால் அங்கே ஒரு வாக்கியம் முடிந்துவிட்டது என்று கணக்கு. அதை அடுத்த வாக்கியத்தோடு சேர்க்க வேண்டுமானால் அண்ட், பட், ஸோ மாதிரி ஓர் இணைப்புச் சொல் வேண்டும், இல்லாவிட்டால் செமிகோலன் வேண்டும். சேர்க்க விருப்பம் இல்லையா, முற்றுப்புள்ளி. வெறும் கமாவால் இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டினால் அதற்கு 'கமா ஸ்ப்ளைஸ்' என்று பெயர், உங்கள் மேனேஜர் வட்டம் போட்டதில் பெரும்பாலானவை அதுதான்.

சரி, உங்கள் வாக்கியங்களுக்கே வருகிறேன். தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், குறிகளை மட்டும் கவனியுங்கள்.

முதல் வாக்கியம்: "தி சர்வர் வாஸ் டவுன், வீ குட் நாட் டெஸ்ட், தேர்ஃபோர் தி ரிலீஸ் இஸ் டிலேய்ட்." இதில் மூன்று முழு வாக்கியங்கள் இருக்கின்றன. சர்வர் வேலை செய்யவில்லை என்பது ஒன்று, சோதிக்க முடியவில்லை என்பது இரண்டு, வெளியீடு தள்ளிப்போகிறது என்பது மூன்று. மூன்றும் தனித்தனியாக நிற்கக்கூடியவை, இரண்டு கமாவை நம்பி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "தி சர்வர் வாஸ் டவுன், ஸோ வீ குட் நாட் டெஸ்ட்; தி ரிலீஸ் இஸ் டிலேய்ட்." முதல் இரண்டையும் ஸோ பிடித்துக்கொண்டது, அதனால் அங்கே கமா போதும். மூன்றாவது அவற்றின் விளைவு என்பதைச் செமிகோலனே சொல்லிவிடுகிறது, தேர்ஃபோர் தேவைப்படவில்லை. தேர்ஃபோர் இருந்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு முன்னால் செமிகோலன், பின்னால் கமா. ஹவெவர், மோர்ஓவர் எல்லாவற்றுக்கும் இதே முறைதான், ஏனென்றால் இவை பார்க்க இணைப்புச் சொல் மாதிரி இருந்தாலும் இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கும் பலம் இவற்றுக்குக் கிடையாது. ஆங்கிலேயர்களே இதில் வழுக்கி விழுவார்கள்.

ஆனால் ஹவெவர் என்று கண்டாலே செமிகோலனை எடுத்து நீட்டக் கூடாது. "தி டெஸ்ட், ஹவெவர், ஃபெயில்ட்" என்று எழுதும்போது அது ஒரே வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது. இடது பக்கம் இருப்பது வெறும் எழுவாய், வலது பக்கம் வெறும் வினை. அங்கே இரண்டு பக்கமும் கமாதான். சொல்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதன் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது வாக்கியம்: "பிகாஸ் தி வெண்டர் வாஸ் லேட்; வீ மிஸ்ட் தி டேட்." கமா போட வேண்டிய இடத்தில் பயந்துபோய்ச் செமிகோலன் போட்டிருக்கிறீர்கள். செமிகோலன் இருக்கும் இடத்தில் முற்றுப்புள்ளியை வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் தனியாக நிற்கிறதா? "பிகாஸ் தி வெண்டர் வாஸ் லேட்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் கேட்பவர் "அதனால் என்ன?" என்பார். நிற்கவில்லை, ஆகவே கமா. இஃப், வென், ஆல்தோ, வைல் என்று தொடங்கும் பகுதிகளும் இப்படித்தான் தனியாக நிற்காது. நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இந்த முற்றுப்புள்ளிச் சோதனையைத்தான் சொல்வேன், வேறு எந்த விதியும் இந்த அளவுக்கு உதவியதில்லை. மூச்சு விடுகிற நேரத்தை வைத்துக் குறி போடு என்று பள்ளியில் சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள், ஒவ்வொருவருக்கும் மூச்சு ஒவ்வொரு மாதிரி.

அப்புறம் மூன்றாவது: "வீ நீட் த்ரீ திங்ஸ்; ஆக்சஸ், எ டெஸ்ட் அக்கவுண்ட் அண்ட் டைம்." இங்கே வர வேண்டியது கோலன் (:). "இதோ வருகிறது பட்டியல்" என்று அறிவிப்பது கோலனின் வேலை, செமிகோலனுக்கு அது தெரியாது.

ஆனால் பட்டியலுக்குள்ளே செமிகோலனுக்கு ஒரு வேலை உண்டு. மீட்டிங் மினிட்ஸ் எழுதும்போது வந்தவர்களின் பெயரையும் பொறுப்பையும் சேர்த்து எழுதுகிறீர்கள் என்று வையுங்கள்: "ரவி, ப்ராஜெக்ட் மேனேஜர், மாலா, டெஸ்டர், அண்ட் ஜான், டிசைனர்." எத்தனை பேர் வந்தார்கள்? மூன்று பேரா, இன்னும் பெயர் தெரியாத இரண்டு மூன்று பேரும் கூடவா? "ரவி, ப்ராஜெக்ட் மேனேஜர்; மாலா, டெஸ்டர்; அண்ட் ஜான், டிசைனர்" என்று எழுதினால் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு உருப்படிக்குள்ளும் கமா இருந்தால் உருப்படிகளுக்கு நடுவில் செமிகோலன், அவ்வளவுதான். இங்கே மட்டும் முற்றுப்புள்ளிச் சோதனை செல்லாது.

இதெல்லாம் இவ்வளவு முக்கியமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். எந்தெந்த வேலைகளுக்கு ஓவர்டைம் சம்பளம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. பட்டியலின் கடைசியில் "அனுப்புவதற்காகப் பொட்டலம் கட்டுதல் அல்லது விநியோகித்தல்" என்ற பொருளில் வரும் இடத்தில், 'அல்லது' என்பதற்கு முன்னால் கமா இல்லை. விநியோகித்தல் என்பது தனி வேலையா, அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொட்டலம் கட்டுவது என்று எல்லாம் சேர்ந்து ஒரே வேலையா? ஒரு பால் நிறுவனத்தின் லாரி டிரைவர்கள், நாங்கள் விநியோகிக்கிறோம், பொட்டலம் கட்டவில்லை, எங்களுக்கு ஓவர்டைம் உண்டு என்று வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாசகம் தெளிவாக இல்லை, தெளிவில்லாவிட்டால் தொழிலாளர் பக்கம்தான் சாய வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான்: மாநிலம் அந்தப் பட்டியலைத் திருத்தி எழுதியபோது, விட்டுப்போன கமாவைச் சேர்க்கவில்லை, ஒவ்வொரு வேலைக்கு நடுவிலும் செமிகோலனைப் போட்டுவிட்டது. உங்கள் ரிப்போர்ட்டில் யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை, ஆனால் ஒப்பந்தம், விலைப்பட்டியல், யாருக்கு என்ன பொறுப்பு என்று எழுதும் மெயில் இவற்றில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

இனி டாஷ். "டாஷா, ஹைஃபனா?" என்று மேனேஜர் கேட்டது நியாயம்தான், கீபோர்டில் ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது, நாம் எல்லாவற்றுக்கும் அதையே தட்டுகிறோம். அந்தக் கோடு ஹைஃபன். அது சொற்களைச் சேர்க்கும்: "வெல்-நோன் இஷ்யூ". இஷ்யூவுக்கு முன்னால் வந்தால்தான் அது வேண்டும்; "தி இஷ்யூ இஸ் வெல் நோன்" என்று பின்னால் போய்விட்டால் வேண்டாம். "நியூலி ஹயர்ட்" மாதிரி 'லி' என்று முடியும் வினையடைக்குப் பின்னால் எப்போதும் வேண்டாம்.

அதைவிடச் சற்று நீளமானது 'என்' (en) டாஷ், எண்களுக்கும் நாள்களுக்கும் நடுவில் 'முதல் வரை' என்ற பொருளில் வரும்: 2019–2023. ரெஸ்யூமேயில் இது நிறைய வரும் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். முன்னால் 'ஃப்ரம்' என்று எழுதிவிட்டால் நடுவில் டாஷ் போடாமல் 'டு' என்று எழுதுங்கள். 'பிட்வீன்' என்றால் 'அண்ட்'. பாதி சொல்லாலும் பாதி கோட்டாலும் எழுதினால் ஆள் எடுப்பவர் கண்ணில் படும்.

எல்லாவற்றிலும் நீளமானது எம் டாஷ், வாக்கியத்தை நடுவில் வெட்டி ஒன்றைச் செருகுவதற்கு: "தி நியூ பில்ட்—தி ஒன் வீ டெஸ்டட் ஆன் மண்டே—ஃபெயில்ட்." செருகியதை எடுத்துவிட்டுப் படித்தால் மீதி வாக்கியம் ஒழுங்காக நிற்க வேண்டும். டாஷில் திறந்தால் டாஷில்தான் மூட வேண்டும், டாஷில் திறந்துவிட்டுக் கமாவில் மூடுவதை உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு இடத்தில் பார்த்தேன். இதே வேலையை இரண்டு கமாவும் செய்யும், அடைப்புக்குறியும் செய்யும். கமா போட்டால் பேச்சோடு பேச்சாகப் போய்விடும், அடைப்புக்குறி போட்டால் குரல் தாழும், டாஷ் போட்டால் குரல் உயரும். ஆகவே பத்திக்குப் பத்தி குரலை உயர்த்திக்கொண்டிருக்காதீர்கள். ஆபீஸ் ரிப்போர்ட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு ஜோடி என்பதே எனக்கு அதிகமாகத்தான் படும், இது என் ருசி.

எந்த நாட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, அதைப் பொறுத்து இது மாறும். அமெரிக்கப் புத்தகங்களில் எம் டாஷை இடைவெளியே இல்லாமல் சொற்களோடு ஒட்டிப் போடுவார்கள், பதிப்பகங்கள் பின்பற்றும் சிகாகோ கையேடு அப்படித்தான் சொல்கிறது. அங்கேயே பத்திரிகைகள் பின்பற்றும் ஏ.பி. முறையில் இரண்டு பக்கமும் இடைவெளி விட வேண்டும். பிரிட்டனில் அந்த இடத்தில் பெரும்பாலும் எம் டாஷே வராது, இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு என் டாஷ் போடுவார்கள், ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் மட்டும் எம் டாஷை ஒட்டிப் போடும். இதில் எதுவும் தப்பில்லை. ஒரே ரிப்போர்ட்டில் மூன்று விதமாகவும் போட்டால்தான் தப்பு.

ஏஐ எழுதியது என்று நினைத்துவிடுவார்கள், அதனால் டாஷ் வேண்டாம் என்று நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சந்தேகம் இப்போது நிஜமாகவே பரவியிருக்கிறது, எம் டாஷைப் பார்த்தாலே மூக்கைச் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மென்பொருள்கள் வருவதற்குப் பல நூறு வருடம் முன்பிருந்தே இருக்கும் குறி, அது என்ன பாவம் செய்தது? அதற்காக நீங்கள் ஓட வேண்டியதில்லை. ஆனால் மெயிலை ஏஐயிடம் கொடுத்து மெருகேற்றி, அது தூவிவிட்ட டாஷ்களோடு அப்படியே அனுப்புகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு மெயிலில் கமாவாகக் கொட்டி, அடுத்த மெயிலில் டாஷாக மின்னினால் கூட வேலை செய்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், அப்புறம் உங்கள் சொந்த எழுத்தையும் நம்ப மாட்டார்கள்.

தட்டச்சு செய்வது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேர்டில் சொல்லை ஒட்டி இடைவெளி இல்லாமல் இரண்டு ஹைஃபன் தட்டி, அடுத்த சொல்லையும் எழுதி இடைவெளி விட்டால் அது தானே எம் டாஷாகிவிடும். இடைவெளி, ஒரு ஹைஃபன், இடைவெளி, அடுத்த சொல், மறுபடி இடைவெளி என்று தட்டினால் என் டாஷ். வேர்டுக்கு வெளியே விண்டோஸில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு நம்பர் பேடில் 0150 தட்டினால் என் டாஷ், 0151 தட்டினால் எம் டாஷ். மேக்கில் ஆப்ஷனும் ஹைஃபனும் சேர்த்தால் என், ஷிஃப்ட்டையும் கூட்டினால் எம். போனில் ஹைஃபனை அழுத்திப் பிடித்தால் மற்றவை மேலே வரும்.

கடைசியாக, கிராமர் பார்க்கும் மென்பொருள் போதாதா என்றீர்கள். கமா ஸ்ப்ளைஸைப் பெரும்பாலும் பிடித்துவிடும், அதற்காகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிடித்ததும் செமிகோலன் போடு என்று சொல்லும், நீங்களும் வரிசையாக ஏற்றுக்கொண்டே போனால் பத்தி முழுக்கச் செமிகோலனாக நிற்கும். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் காரணம், விளைவு, எதிர்நிலை என்று ஏதாவது ஒட்டுறவு இருந்தால் மட்டும் செமிகோலன், இல்லாவிட்டால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள், அதை மென்பொருள் உங்களுக்காக முடிவு செய்ய முடியாது. ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, கம்பெனியில் ஸ்டைல் கைடு ஏதாவது இருக்கிறதா என்று மேனேஜரிடமே கேளுங்கள். வட்டம் போடுகிற அளவுக்கு ஆர்வம் உள்ளவர், அவரிடம் கட்டாயம் ஒன்று இருக்கும். அதில் வேறு மாதிரி இருந்தால் நான் சொன்னதை விட்டுவிட்டு அதன்படியே எழுதுங்கள்.