கருவாட்டுக் கடைக்கு வெப்சைட் இருக்கு, ஆர்டர்தான் வரல

கேள்வி: காசிமேட்டுல எங்க மாமியார் காலத்துலேர்ந்து கருவாடு யாவாரம் பண்றோம். வெளியூர் ஆர்டர் வரும்னு போன வருஷம் வெப்சைட் போட்டோம், கொழுந்தனாரோட ஃப்ரெண்டு பண்ணிக் குடுத்தாரு. பாக்கறாங்க, ஆனா வாங்க மாட்டேங்கறாங்க. கூகுள்ல விளம்பரம் குடுக்கலாமா? - ஒரு வாசகி, காசிமேடு

பதில்: விளம்பரம் இப்போ வேணாம்மா. நீங்க அனுப்புன லிங்க்கை ஃபோன்லதான் தொறந்து பாத்தேன், உங்க கஸ்டமரும் அப்படித்தானே பாப்பாங்க. முதல்ல ஒரு பெரிய படகு படம் மெதுவா வருது, அப்புறம் "வருக வருக", அப்புறம் கடை வரலாறு, அதெல்லாம் தாண்டி கீழ போனாத்தான் நெத்திலியே கண்ணுல படுது, அதுலயும் விலை இல்ல, "விலைக்கு அழைக்கவும்"னு இருக்கு. ஆர்டரை நிறுத்துறது இந்த வரிதான். நேர்ல வர்றவங்க கையில எடுத்துப் பாப்பாங்க, பேரம் பேசுவாங்க. சேலத்துல ராத்திரி பத்து மணிக்கு ஃபோனும் கையுமா இருக்கறவங்க விலை கேக்கறதுக்காக தெரியாத நம்பருக்கு கூப்பிட மாட்டாங்க. விலை மாறிட்டே இருக்கும்னு சொல்வீங்க, சரி, "இந்த வார விலை"ன்னு தேதியோட போடுங்க, கால் கிலோ, அரை கிலோவுக்குத் தனித்தனியா, கூரியர் காசையும் சேத்து.

விலைப்பட்டியலை கலர் போஸ்டரா போட்டிருக்கீங்க, அத எடுத்துட்டு டைப் பண்ணின எழுத்தாவே போடுங்க, படத்துக்குள்ள இருக்கறத நம்பி கூகுள்ல மேல வர முடியாது. நெத்திலி, வாளை, சுறா, சென்னாக்குனி எல்லாத்தையும் தமிழ்லயும் எழுதுங்க, இங்கிலீஷ் எழுத்துலயும் எழுதுங்க, நிறைய பேரு அப்படித்தான் தேடறாங்க. பக்கத்தோட டைட்டில்ல வெறும் "ஹோம்"னு இருக்கு, அங்க "காசிமேடு கருவாடு"ன்னு வரணும், காசிமேடுன்னாலே மீனுன்னு வெளியூர்க்காரங்களுக்கும் தெரியும், அந்தப் பேரை ஏன் விடறீங்க?

கருவாடு வாங்கறவங்க மனசுல என்ன ஓடும்னு உங்களுக்கு என்னைவிட நல்லாவே தெரியும். மண்ணு இருக்குமா, உப்பு தூக்கலா இருக்குமா, தலை கிள்ளினதா, பார்சல் வந்தா அபார்ட்மென்ட் முழுக்க வாடை அடிக்குமா. இதுக்கெல்லாம் பதில் உங்க சைட்ல ஒரு வரிகூட இல்ல. எங்க காய வெக்கறீங்க, எத்தனை கவர் போட்டு சீல் பண்றீங்கன்னு நீங்களே ஃபோன்ல எடுத்த படம் போதும், அந்த படகு படத்தைத் தூக்கிடுங்க. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸோட 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரும் கண்ணுல படற மாதிரி இருக்கணும்.

ஆனா ஃபோன்ல எடுத்ததை அப்படியே ஏத்தாதீங்க, ஒவ்வொண்ணும் நாலஞ்சு எம்பி இருக்கும், அந்த மாதிரி பெரிய படத்தாலதான் சைட் இப்பவே இப்படி இழுக்குது. அகலம் 1200 பிக்சலுக்கு குறைச்சு வெப்பி (WebP) ஃபார்மேட்ல, அதாவது சைஸ் கம்மியா இருக்கற படமா, போடச் சொல்லுங்க. சைட் எவ்ளோ வேகமா வருதுன்னு பாக்க பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்னு கூகுளோட ஃப்ரீ டூல் இருக்கு, அதுல மொபைல் ரிசல்ட்டைப் பாருங்க, பெரிய படம் 2.5 செகண்டுக்குள்ள வந்துட்டா நல்லதுன்னு கணக்கு.

வாட்ஸ்அப் பட்டனைத் தட்டினா இப்போ எரர்தான் வருது. லிங்க்ல 91 போட்டு பத்து இலக்க நம்பர், அவ்ளோதான், முன்னாடி பிளஸ்ஸோ ஜீரோவோ கூடாது, நீங்க ரெண்டையும் போட்டிருக்கீங்க.

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, ஃப்ரெஷ் மீன் விலை ஏறும், ஜனங்க கருவாடு தேடற நேரம் அது. எது ஸ்டாக் இருக்குன்னு அதுக்கு முன்னாடியே முதல் பக்கத்துல போட்ருங்க. மழைக்காலத்துல சரியா காயலன்னா "இப்போ இல்ல"ன்னு நேரா சொல்லிடுங்க, ஈரப்பதத்தோட அனுப்பி ஒரு பார்சல் பூஞ்சை புடிச்சா அந்த ஆளு திரும்ப வரவே மாட்டாரு.

கூகுள் மேப்ல கடையைச் சேக்கறதுக்கு காசு கிடையாது, இந்த வாரமே பண்ணுங்க. டொமைன், அதான் உங்க சைட்டோட அட்ரஸ், யார் பேர்ல இருக்குன்னும் சைட் பண்ணிக் குடுத்த அந்தத் தம்பிகிட்ட கேட்டு லாகினை உங்க கைக்கு வாங்கிடுங்க, அவரு வேற வேலைக்குப் போயிட்டா ரினியூ பண்ண ஆளில்லாம சைட்டே போயிடும். இதெல்லாம் முடிச்சப்புறம் ரெண்டு மாசம் வர்ற ஒவ்வொரு ஆர்டருக்கும் "எங்க பாத்தீங்க"ன்னு கேட்டு நோட்டுல எழுதிட்டு வாங்க, விளம்பரத்துக்கு காசு போடறதா வேணாமான்னு அந்த நோட்டைப் பாத்து முடிவு பண்ணலாம்.