ஆயுள் உத்தரவாதம் யாருடைய ஆயுளுக்கு? கைக்கருவிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ராட்செட் (ஒரு பக்கமாகவே இறுகும் திருகு சாவி) பெட்டியில் 'ஆயுள் உத்தரவாதம்' என்று போட்டிருக்கிறது. அது யாருடைய ஆயுள் ஐயா?

பதில்: பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி. வாங்கியவரின் ஆயுளாக இருக்கலாம், கருவியின் ஆயுளாகவும் இருக்கலாம். இரண்டாவது வகையில், உடைந்த அன்றே அதன் ஆயுள் முடிந்தது என்று வாதாட இடமுண்டு. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து வடிவ உத்தரவாதத்தை 'முழுமையானது', 'வரம்புக்கு உட்பட்டது' என இரண்டாகப் பிரிக்கிறது. விளம்பரத்தில் 'ஆயுள்' என்று சொன்னால் யாருடைய ஆயுள் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல்.

வாக்குக் கொடுத்தவரின் ஆயுளையும் பாருங்கள். 'கிராஃப்ட்ஸ்மேன்' 1927இலிருந்து அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான சியர்ஸின் கருவிகளுக்கான வணிகப் பெயராக இருந்தது. 2017இல் அது ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற கருவி நிறுவனத்தின் கைக்குப் போனது. சியர்ஸ் அந்தக் கருவிகளை வெளித் தொழிற்சாலைகளில் செய்யக் கொடுத்தது. பழைய ஸ்பேனர்களில் பெயருக்கு அருகில் இருக்கும் சிற்றெழுத்துகள் செய்தவரின் குறி. செய்தவர் ஒருவர், பெயருக்கு உரியவர் ஒருவர், மாற்றிக் கொடுக்க வேண்டியவர் மூன்றாமவர். பெரிய எழுத்தை மட்டும் படித்தால் ஏமாற்றம்தான்.

கேள்வி: ஸ்பேனரில் 'குரோம் வனேடியம்' என்று மட்டுமே இருக்கிறது. எந்த நிறுவனம்?

பதில்: அது எஃகின் வகை.

கேள்வி: 'டிராப் ஃபோர்ஜ்டு' என்றால்?

பதில்: செய்முறை. காய்ச்சிய எஃகை அச்சில் வைத்து அடித்தது, வார்த்தது அன்று. இதுவும் நிறுவனப் பெயர் இல்லை.

கேள்வி: பழைய ரம்பத்தின் பிடியில் பித்தளை வில்லை. கழுகுப் படமும் 'வாரண்டெட் சுப்பீரியர்' என்ற எழுத்தும் இருக்கின்றன. இதைக் காட்டி மாற்றிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. அது உத்தரவாதமும் அன்று, பெயரும் அன்று. பல ரம்பத் தயாரிப்பாளர்கள் தங்கள் இரண்டாம் தரச் சரக்கில் பதித்த பொது வில்லை. செய்தவர் யார் என்பது தெரிய வேண்டுமானால் அலகைப் பாருங்கள். துருவுக்கு அடியில் அமிலத்தால் பொறித்த எழுத்து மங்கலாக ஒளிந்திருக்கலாம். தயவுசெய்து வயர் பிரஷ் பொருத்திய இயந்திரத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்! எண்ணெய் தடவி ஊறவிட்டு, மிக மென்மையான எமரி தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, பொறுமையாகத் தேயுங்கள். பிலடெல்ஃபியாவின் டிஸ்டன் போன்ற ரம்பத் தயாரிப்பாளர்கள் காலத்துக்குக் காலம் வில்லையை மாற்றியதால், அதை வைத்தே ரம்பத்தின் வயதை ஏறத்தாழக் கணிக்கலாம்.

கேள்வி: உளியில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று இருக்கிறது. வார்ப்பிரும்பா? பளபளப்பாக்கலாமா?

பதில்: வார்ப்பிரும்பு இல்லை, நல்ல எஃகு. 1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹன்ட்ஸ்மன் என்பவர் உருவாக்கிய மூசை எஃகு முறையின் (மண் குடுவையில் எஃகை உருக்கும் முறை) பெயர் அது. முத்திரையைப் படித்து முடிக்கும்வரை பளபளப்பாக்க வேண்டாம். வயர் பிரஷ் பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும்.

கேள்வி: காயலான் கடையில் உடைந்த சாக்கெட்டுகளை (ராட்செட்டில் பொருத்தும் தலைகள்) எடைக்கு வாங்கி, நிறுவனத்திடம் புதியதாக மாற்றிக்கொள்கிறேன். தவறா?

பதில்: 'முதலில் வாங்கியவருக்கு மட்டும்' என்ற வரி பல உத்தரவாதங்களில் இருக்கிறது. இருந்தால் தவறு.

இன்னொருவர்: ரசீதே கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்களே! விற்பனைக்காக அவர்களே பரப்பிய பெருமை அது.

பதில்: கேட்காதது அவர்களின் தாராளம். ஒன்று உடைந்து ஒன்று கேட்பவருக்கும் மூட்டையோடு வருபவருக்கும் வித்தியாசம் இல்லையா?

அதே அன்பர்: கருவிக்குத்தானே உத்தரவாதம்? அது யார் கையில் இருந்தால் என்ன?

பதில்: அப்படி எழுதியிருந்தால் வாதம் உங்கள் பக்கம். எழுதியிருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். அந்த வாசகத்தை நீங்கள் இன்னும் காட்டவில்லை. மூட்டைகள் பெருகினால் நிபந்தனைகள் இறுகும். ஒரே ஒரு ஸ்பேனர் வைத்திருப்பவர்தான் அதில் மாட்டுவார். இதை இத்தோடு விடுவோம்.

கேள்வி: என் ஸ்பேனரிலும் குரோம் வனேடியம்...

பதில்: எஃகின் வகை. மேலே படியுங்கள்.

கேள்வி: ஸ்பேனரில் குழாயைச் செருகி நெம்பினேன், வாய் விரிந்துவிட்டது. மாற்றித் தருவார்களா?

பதில்: குழாயைப் பற்றி அவர்களிடமும் இதே நேர்மையோடு சொன்னால், மாட்டார்கள்.

கேள்வி: டார்க் ரெஞ்சுக்கும் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் சாவி) ஆயுள் உத்தரவாதம் உண்டா?

பதில்: பெரும்பாலும் விலக்கு. அளவுக்கருவி என்பதால் அதன் துல்லியம் பயன்பாட்டில் நகரும். ஐஎஸ்ஓ 6789 என்ற சர்வதேசத் தரநிலை, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், 12 மாதங்கள் அல்லது 5,000 முறை, எது முதலில் வருகிறதோ அப்போது மறுஅளவீடு செய்யச் சொல்கிறது. அரம், துளையிடும் அலகு போன்ற தேய்மானப் பொருள்களும் அதே விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். உத்தரவாத அட்டையின் பின்பக்கச் சிற்றெழுத்தில் தேடுங்கள்.