மருந்து ஏற்ற வீட்டுக்கே ஆள் வருவாராம், சம்மதிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். என் மகளுக்கு வயது 24, எடை 48 கிலோ. 3 வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோய். மாத்திரை, ஸ்டீராய்டு எல்லாம் கொடுத்தும் மலத்தில் ரத்தம் நிற்கவில்லை. கோவையில் பார்க்கும் டாக்டர் இன்ஃப்ளிக்ஸிமாப் டிரிப்ஸில் ஏற்ற வேண்டும் என்கிறார். மருந்துக்கடை வாசலில் பழக்கமான ஒருவர், "பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன், 2 பாட்டில் போதும், நர்ஸை அனுப்பி வீட்டிலேயே ஏற்றிவிடலாம், உங்கள் ஊர்க் குளிருக்கு ஐஸ்கூட வேண்டாம்" என்கிறார். மலையிறங்கும் அலைச்சல் மிச்சமாகும். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்த ஆளின் போன் நம்பரை முதலில் அழித்துவிடுங்கள்.

அவர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். இந்த மருந்தின் வழக்கமான அளவு, கிலோவுக்கு 5 மில்லிகிராம். 48 கிலோவுக்கு 240 மில்லிகிராம். ஒரு வயலில், அதாவது ஒரு சின்ன மருந்துப் பாட்டிலில், இருப்பது 100 மில்லிகிராம். ஆக, உங்கள் மகளுக்கு 3 வயல் வேண்டும். 2 வயல் போட்டால் விலை குறையத்தான் செய்யும், மருந்தும் குறையும். குறைந்த அளவில் ஏற்றினால் நோய் அடங்காது. அதோடு உடம்பு இந்த மருந்தையே எதிரியாகப் பாவித்து எதிர்ப்பொருளை உண்டாக்கப் பழகிவிடும். அப்புறம் முழு அளவு கொடுத்தாலும் வேலை செய்யாமல் போகலாம்.

நம் ஊரில் டிரிப்ஸ் என்றாலே தெம்புக்கு ஏற்றும் குளுக்கோஸ் என்ற நினைப்பு இருக்கிறது. அந்த ஆள் பிழைப்பதே அதில்தான். இது தெம்புக்கு ஏற்றுவதில்லை. உங்கள் மகளின் எதிர்ப்புச் சக்தி அவளுடைய பெருங்குடலையே தாக்கிப் புண்ணாக்குகிறது. அந்தத் தாக்குதலை முடுக்கிவிடும் டி.என்.எஃப் என்ற பொருளை இந்த மருந்து பிடித்துக் கட்டிப்போடுகிறது. வயலுக்குள் வெள்ளைப் பொடியாக இருக்கும். மருந்து கரைக்கும் நீரை விட்டு, குலுக்காமல், மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துக் கெடும். பிறகு 250 மில்லி சலைனில் சேர்த்து, ஃபில்டர் உள்ள டியூப் வழியாக 2 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். குளுக்கோஸ் பாட்டிலில் கலக்கவே கூடாது.

குளிர் விஷயத்துக்கு வருகிறேன். மருந்து இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரியில். கோத்தகிரியில் ஏப்ரல் மாதப் பகல் 20 டிகிரியைத் தாண்டிவிடும். மேட்டுப்பாளையம் வெயிலைச் சொல்லவே வேண்டாம், மருந்து அதைக் கடந்துதான் மேலே வர வேண்டும். உறைந்தாலும் கெட்டுவிடும். ஒருமுறை என்னிடம் வந்த ஒரு பெரியவர் மடியில் தெர்மகோல் பெட்டி வைத்திருந்தார். திறந்தால் ஐஸ் முழுக்கத் தண்ணீராகி, அட்டைப்பெட்டி ஊறிப்போய், லேபிள் கையோடு உரிந்து வந்தது. காலாவதித் தேதியைப் படிக்க முடியவில்லை. தேயிலை விற்ற காசில் வாங்கிய மருந்து. அதை நான் ஏற்றவில்லை. அவர் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியை மூடிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதில் ஒரு விலக்கு உண்டு. அந்த ஆள் நாளைக்கு இதைத்தான் காட்டுவார் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். சில கம்பெனிகளின் மருந்துக் குறிப்பில், திறக்காத வயலை 30 டிகிரி வரை, ஒரே ஒரு முறை, 6 மாதம் வரை வெளியே வைக்கலாம் என்று இருக்கும். எல்லாக் கம்பெனிக்கும் இது பொருந்தாது, உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருந்தால்தான் உண்டு. அப்படி வெளியே எடுத்தால், எடுத்த தேதியிலிருந்து கணக்கிட்டுப் புதுக் காலாவதித் தேதியைப் பெட்டியில் எழுத வேண்டும். பழைய காலாவதித் தேதி முன்னதாக வந்தால் அதுதான் கணக்கு. வெளியே எடுத்ததைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. இப்போது யோசியுங்கள்: நாலு கை மாறி வரும் பெட்டியை முதலில் வெளியே எடுத்தது யார், எந்தத் தேதியில், நடுவில் எத்தனை ஃப்ரிட்ஜில் ஏறி இறங்கியது? பதில் சொல்ல அவரால் முடியாது. எனவே இந்த விலக்கு அவருக்குப் பொருந்தாது.

வீட்டில் ஏற்றுவதில் இன்னொரு ஆபத்து. மருந்து ஏறும்போதோ, ஏறி முடிந்த ஓரிரு மணி நேரத்திலோ சிலருக்கு அரிப்பு, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் இறங்குவது என்று ஒவ்வாமை வரும். அட்ரினலினும் ஆக்ஸிஜனும் டாக்டரும் பக்கத்தில் இருந்தால் சமாளிக்கலாம். இல்லையென்றால், 30 கிலோமீட்டருக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி மேட்டுப்பாளையம் போய்ச் சேர வேண்டியிருக்கும்.

காசநோய்ச் சோதனை நடந்ததா என்று அவர் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். உடம்பில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை இந்த மருந்து எழுப்பிவிடும். நெஞ்சு எக்ஸ்ரே, கூடவே மான்டூ என்ற தோல் ஊசிச் சோதனை அல்லது இக்ரா என்ற ரத்தச் சோதனை, மஞ்சள் காமாலை பி சோதனை, இவையெல்லாம் முதல் டோஸுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு மான்டூ பொய்யாக நெகட்டிவ் காட்டலாம், அதை டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். வீட்டில் யாராவது நெடுநாளாக இருமிக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

செலவைக் குறைக்க நேர்வழி இருக்கிறது. பயோசிமிலர் என்ற வகையில் இதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கிறது, அதை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடமே கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், முதல் டோஸுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அனுமதி கேளுங்கள். தனியார் பாலிசி என்றால் "24 மணி நேரம் படுக்கையில் இல்லை" என்று தள்ளப் பார்ப்பார்கள். இந்த மருந்து மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற வகை. அந்த ஊசி சிகிச்சையை, அன்றே வீடு திரும்பும் டே கேரிலும் விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2019-லேயே சொல்லிவிட்டது. பாலிசியில் தொகை வரம்பு இருக்கலாம், முழுக்க மறுக்கக் கூடாது. இந்த ஒரு வரிக்காக எத்தனை கடிதம் எழுதியிருப்பேன்! ஒவ்வொரு டோஸுக்கும் அதே காகிதம், அதே கையெழுத்து. இப்படி அலைக்கழிப்பதால்தான் மருந்துக்கடை வாசலில் இந்த மாதிரி ஆட்கள் முளைக்கிறார்கள்.

மலையிறங்கும் கவலையும் நியாயமானதுதான். தொடக்கத்தில் 0, 2, 6 ஆகிய வாரங்களில் 3 டோஸ். அதன்பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறை, அதாவது வருடத்துக்கு ஆறேழு பயணம். முதல் 3 டோஸைக் கோவையிலேயே போடுங்கள். நன்றாக ஒத்துக்கொண்டால், டாக்டரிடம் முழு விவரக் கடிதம் வாங்கிக்கொண்டு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு திறந்த இடம். 2 மணி நேர டிரிப்ஸுக்காக மலைவாசிகள் சமவெளிக்கு இறங்க வேண்டிய நிலை இனியும் இருக்கக் கூடாது, நீங்கள் கேட்டால்தான் அவர்களும் யோசிப்பார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் சரிந்து பாதை அடைபடும் காலம். அப்போது வரும் டோஸுக்கு முதல் நாளே இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். சில நாள் தள்ளிப்போனால் குடி முழுகாது, டாக்டருக்குப் போன் செய்து புதுத் தேதி வாங்குங்கள். "ரத்தம் நின்றுவிட்டதே" என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் ஆபத்து, ஒவ்வாமை கடுமையாக வருவது அப்போதுதான்.

ஏற்றும் நாளில் 3 வயலையும் கையில் வாங்கிப் பெயர், காலாவதித் தேதி, பேட்ச் எண் பாருங்கள். காலி அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, மகளின் ஃபைலில் பில்லோடு சேர்த்து வையுங்கள்.