ஹிப்னாடிசம் செய்தால் நினைவு தப்புமா?

கேள்வி: ஐந்து வருடமாக வயிற்று வலி, அடிக்கடி வயிற்றுப்போக்கு. ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல். இது 'ஐ.பி.எஸ்.' (எரிச்சல் குடல் நோய்) என்று சொன்ன டாக்டர், ஹிப்னாடிசம் செய்து பார்க்கலாம் என்கிறார். "வசியம் பண்ணி வேற லோகத்துக்குக் கொண்டுபோயிடுவாங்க" என்று என் மாமியார் பயப்படுகிறார். நிஜமாகவே வேறொரு நினைவுநிலைக்குப் போய்விடுவேனா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பயப்படாதீர்கள் சகோதரி. உங்கள் மாமியாரின் சந்தேகத்தை வைத்துத்தான் ஆய்வாளர்களும் பல காலமாக வாதாடுகிறார்கள்.

ஹிப்னாடிசம் தூக்கம் அல்ல. இதில் சண்டையே இல்லை. 1843இல் அந்தப் பெயரைப் பரப்பிய மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட், கிரேக்கத் தூக்கக் கடவுளின் பெயரிலிருந்து அதை எடுத்தார். பிறகு அவரே மனம் மாறி, ஒரே எண்ணத்தில் மனம் நிற்பதைக் குறிக்கும் வேறு சொல்லைக் கொண்டுவந்தார். அது எடுபடவில்லை. பழைய பெயரும் பயமும் தங்கிவிட்டன.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எர்னஸ்ட் ஹில்கார்ட், ஹிப்னாடிசத்தின்போது நினைவு இரண்டாகப் பிரிகிறது என்றார். ஐஸ் தண்ணீரில் கை வைத்தவர் வலி இல்லை என்பார். அவருக்குள்ளே ஒரு பகுதி வலியை உணர்ந்துகொண்டே இருக்கும் என்பது அவர் கருத்து. உளவியலாளர்கள் தியோடர் பார்பரும் நிக்கோலஸ் ஸ்பானோஸும் இதை மறுத்தார்கள். கற்பனை, எதிர்பார்ப்பு, ஒத்துழைக்கும் மனம் இருந்தாலே போதும், தனி நிலை எதற்கு என்று கேட்டார்கள்.

நான் இவர்கள் பக்கம்தான் சாய்வேன். காசிமேட்டில் வலை பழுதுபார்ப்பவரைக் கவனித்திருப்பீர்கள். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார், ஊசி ஓடும். ஏலச் சத்தமோ, டீக்காரப் பையன் கூப்பிடுவதோ காதில் ஏறாது. ஒரு கண்ணி பிசகினால் கை சட்டென்று நின்றுவிடும். ஹிப்னாடிசத்திலும் கவனம் இப்படித்தான் குவிகிறது என்று நினைக்கிறேன். அதற்காக நடிப்பென்றும் தள்ள மாட்டேன். 1997இல் வெளியான ஆய்வொன்றில், ஹிப்னாடிசத்தில் இருந்தபடி சுடுநீரில் கை வைத்தவர்களிடம் வேதனை கூடும், குறையும் என்று சொல்லச் சொல்ல, மூளையின் ஒரு பகுதியின் இயக்கமும் அதற்கேற்ப மாறியது.

உங்கள் நோய்க்கு இது பொருத்தமான சிகிச்சைதான். 1984இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர், எந்த மருந்துக்கும் அடங்காத 30 பேரிடம் சோதித்தபோது, ஹிப்னாடிசம் பெற்றவர்களுக்கு நல்ல குணம் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரேபோல் பலிக்காது. பல வாரங்கள் போக வேண்டியிருக்கும். வீட்டிலும் பயிற்சி செய்ய வேண்டும்.

மனநல மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ மட்டும் போங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரித்தால் வழி சொல்வார்கள். 'மறந்த நினைவை மீட்கிறேன்' என்பவரிடம் போகவே வேண்டாம்; இல்லாத நினைவு அப்படித்தான் முளைக்கும். மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, காய்ச்சல் இருந்தால் முதலில் வயிற்று டாக்டரைப் பாருங்கள். முன்பு மனநோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

முதல் நாள் மாமியாரையும் அழைத்துப் போங்கள். டாக்டர் சம்மதித்தால் உள்ளேயே உட்காரட்டும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே டாக்டருக்குப் பதில் சொல்வதை அவரே கேட்பார்.