வெட் வைப்ஸ் பாக்கெட்டில் ஒன்றை இழுத்தால் ஏன் கொத்தாக வருகிறது? பாதியிலேயே ஏன் காய்ந்துவிடுகிறது?

ஒன்று எடுக்கப் போனால் நாலு வருவதும், பாதி தீர்வதற்குள் மீதி காய்ந்து அட்டை மாதிரி ஆவதும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கும்போதே நல்ல பாக்கெட்டைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. நான் வைப்ஸ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் பகுதியில் தரப் பரிசோதனை வேலை பார்த்தவள். அதற்குப் பிறகு, படுக்கையில் விழுந்த அம்மாவை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டேன். அந்த இரண்டு வருடத்தில் தினமும் இந்தப் பாக்கெட்டோடுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கொத்தாக வருவதற்கு முக்கியக் காரணம் மடிப்பு. நன்றாகச் செய்த பாக்கெட்டில் தாள்கள் சும்மா ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்காது. மேலே இருப்பதன் கடைசி மடிப்புக்குள் கீழே இருப்பதன் முதல் மடிப்பு கொஞ்சம் நுழைந்திருக்கும். மேல் தாளை இழுக்கும்போது அது அடுத்ததன் நுனியை வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோத்திருக்கும் அளவு கூடினால் அடுத்த தாளும் முழுசாகக் கூடவே வந்துவிடும். குறைந்தால் நுனி வெளியே தலைகாட்டாது, விரலை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும்.

இதில் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. நனைந்த இரண்டு தாள்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் பிரித்துப் பார்த்திருந்தால் அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று தெரியும். பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் தாள்கள் இன்னும் இறுகிப்போயிருக்கும். அந்தப் பிடியை எதிர்த்து இரண்டாவது தாளை நிறுத்திவைக்க வேண்டியது பாக்கெட்டின் வாய். பாக்கெட்டின் உறையான மெல்லிய பிளாஸ்டிக்கை ஃபிலிம் என்போம், அதில் வெட்டியிருக்கும் அந்த ஓட்டையின் விளிம்பு, வரும் தாளை லேசாக உரசிப் பிடிக்க வேண்டும். ஓட்டை பெரிதாக இருந்தால் பிடிப்பு இல்லை, கொத்தாக வரும். ரொம்பச் சிறிதாக இருந்தால் தாள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வரும், சில சமயம் கிழியும். ஓட்டையின் அளவை சில மில்லிமீட்டர் மாற்றியதற்கே புகார்கள் கூடியதையும் குறைந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

புதுப் பாக்கெட் என்றால், திறப்பதற்கு முன் இரண்டு முனையையும் பிடித்து நாலு தடவை மேலும் கீழுமாக வளைத்துவிடுங்கள். ஒட்டிப்போன அடுக்கு தளரும். முதல் தாளை வெடுக்கென்று இழுக்காமல் சாய்வாக, ஓட்டையின் விளிம்பை உரசியபடி எடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

தொழிற்சாலையில் நாங்கள் இதைச் சோதிக்காமல் இல்லை. பாக்கெட்டை மேசைமேல் வைத்து, இடது கையால் அமுக்கிப் பிடித்து, வலது கையால் ஒவ்வொன்றாக இழுத்து எண்ணுவோம். எத்தனை முறை ஒன்று வந்தது, எத்தனை முறை இரண்டு வந்தது என்று நோட்டில் குறிப்போம். எண் சரியாக இருந்தால் பாஸ். அந்தச் சோதனை போதாது என்று எனக்கு ஒரு ராத்திரிதான் புரிந்தது. அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குக் கீழே என் இடது கையைக் கொடுத்துத் தாங்கியிருக்கிறேன். வலது கையால் வைப்ஸை இழுக்கிறேன். ஐந்தாறு சேர்ந்து வந்தது மட்டுமில்லை, பாக்கெட்டே கூட எழும்பி வந்து கீழே விழுந்தது. குனிந்து எடுக்க முடியாது, கையை எடுத்தால் அம்மா புரண்டுவிடுவார். "ஏம்மா, ஒண்ணு போதுமே, எதுக்கு இத்தனை?" என்றார் அம்மா. சிக்கனமாக வாழ்ந்து பழகியவர். தனக்காக இவ்வளவு வீணாகிறதே என்று அந்த நிலையிலும் அவருக்குச் சங்கடம்.

வைப்ஸ் பயன்படுத்துகிறவருக்கு அநேகமாக ஒரு கைதான் காலியாக இருக்கும். குழந்தையின் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்திருக்கும் தாயைப் பாருங்கள், நோயாளியைத் தாங்கியிருக்கும் நர்ஸைப் பாருங்கள். அப்படியென்றால் பாக்கெட்டையும் ஒரு கையால் திறக்க, ஒரு கையால் எடுக்க, ஒரு கையால் மூட முடிய வேண்டும். இந்தப் பொருளை வடிவமைக்கிற யாராக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன். அதுவும் நிறைந்த பாக்கெட்டில் செய்து பார்த்தால் போதாது. கடைசிப் பத்துத் தாள் மிச்சம் இருக்கும்போது பாக்கெட்டுக்கு எடையே இருக்காது, இழுத்தால் கூடவே எழும்பும். அந்தக் கட்டத்தில் சோதிக்க வேண்டும். நான் கடைசியில் ஒரு கனமான பலகையில் அகல எலாஸ்டிக் நாடா இரண்டைக் கட்டி, அதற்குள் பாக்கெட்டைச் செருகி வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து கீழே விழவில்லை.

சரி, காய்ந்துபோவதற்கு வருவோம். பலரும் பிளாஸ்டிக் மெல்லிசு என்பதால் காய்கிறது என்று நினைக்கிறார்கள். ஃபிலிம் பெரும்பாலும் குற்றவாளி இல்லை. வெளியே பாலியஸ்டர், உள்ளே உருகி ஒட்டக்கூடிய பாலிஎத்திலீன் என்று இரண்டு அடுக்கு சேர்ந்த அந்த ஃபிலிம் நீராவியை நன்றாகவே தடுக்கும். ஈரம் போவது இரண்டு வழியில். ஒன்று, சீல், அதாவது ஃபிலிமைச் சூட்டில் உருக்கி ஒட்டிய இடம். பாக்கெட்டின் முதுகில் நீளமாக ஒரு சீல், இரண்டு முனையிலும் குறுக்காக ஒவ்வொன்று. நீள சீலும் குறுக்கு சீலும் சந்திக்கும் இடத்தில் ஃபிலிம் மடிந்து தடித்துப்போகும், அங்கே சரியாக உருகாமல் ஒரு மயிரிழை வழி நின்றுவிடும். சீல் வாயில் ஒரு இழையோ தாளை நனைக்கும் லோஷன் ஒரு துளியோ மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான். தொழிற்சாலையில் பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்கி மேலே வெற்றிடம் உண்டாக்குவோம். குமிழி வந்தால் கசிவு. வீட்டில் அவ்வளவு வேண்டாம், வாங்கும்போது பாக்கெட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக அமுக்குங்கள். உள்ளே இருக்கும் காற்று எதிர்த்து நின்றால் சீல் நன்றாக இருக்கிறது. புஸ்ஸென்று இறங்கினாலோ ஓரத்தில் ஈரம் தட்டினாலோ வைத்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, நீங்களே திறந்து மூடும் ஸ்டிக்கர். கெட்டுப்போவதில் பெரும்பகுதி இங்கேதான். ஸ்டிக்கரின் பசை உலர்ந்த, சுத்தமான, சமமான பரப்பில்தான் ஒட்டும். நடப்பது என்ன? ஈரத் தாளை இழுக்கும்போது அது மடங்கியிருக்கும் ஸ்டிக்கரின் பசைமேல் உரசுகிறது. தாளிலிருந்து நுண்ணிய இழைகள் பசையில் ஒட்டிக்கொள்கின்றன. கூடவே லோஷனும் படிகிறது. இருபது தடவை இப்படி ஆனால் பசை செத்துவிடும். அப்புறம், பாக்கெட் பாதி காலியானதும் ஓட்டையைச் சுற்றியிருக்கும் ஃபிலிமுக்குக் கீழே தாங்க எதுவும் இருக்காது. முதலில் தாள் அடுக்கு ஒரு மெத்தை மாதிரி கீழே இருந்து ஸ்டிக்கரை அழுத்தி ஒட்ட உதவியது, இப்போது ஃபிலிம் சுருங்கிக் குழிந்து கிடக்கிறது. ஸ்டிக்கரை மூடினாலும் சுருக்கங்களுக்கு நடுவில் சின்னச் சின்னச் சுரங்கம் மாதிரி வழி இருக்கும். ஒரு ராத்திரி முழுக்க அப்படி இருந்தால் மேல் தாள்கள் காய்வதற்கு அதுவே போதும்.

நல்ல ஸ்டிக்கரை இரண்டு அடையாளத்தில் சொல்லலாம். பிடித்துத் தூக்குவதற்குப் பசையில்லாத நுனி ஒன்று இருக்க வேண்டும், அதுவும் விரல் நுனி முழுசாகப் படும் அளவுக்கு. மூட்டுவலி உள்ளவர்கள், வயதானவர்கள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்க முடியாது. மறுமுனை நிரந்தரமாக ஒட்டியிருக்க வேண்டும், இழுத்தால் முழுசாகக் கையோடு வரக்கூடாது. அம்மாவுக்கு வாங்கியவற்றில் சில நுனி அரிசி அளவுக்குத்தான் இருந்தன. யாருடைய விரலை நினைத்து அதைச் செய்தார்களோ தெரியவில்லை.

கெட்டியான பிளாஸ்டிக் மூடி வைத்த பாக்கெட் இதில் எவ்வளவோ மேல். டக்கென்று கட்டைவிரலால் திறக்கலாம், உள்ளங்கையால் மூடலாம், பசை என்ற பேச்சே இல்லை, பாக்கெட் சுருங்கினாலும் மூடியின் வாய் நிமிர்ந்தே இருக்கும். ஒரு கைக்கு ஏற்றது அதுதான். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டோடும் கெட்டியான பிளாஸ்டிக் ஒன்று குப்பைக்குப் போகிறது. மூடி ஒரு வகைப் பிளாஸ்டிக், ஃபிலிம் இரண்டு வகை சேர்ந்தது என்பதால் மறுசுழற்சிக்கும் எளிதில் போகாது. இந்த இழுபறிக்கு எனக்குத் தெரிந்த நியாயமான வழி, மூடியுள்ள கெட்டி டப்பா ஒன்றை வைத்துக்கொண்டு, சாதாரணப் பாக்கெட்டை அதற்குள் போட்டுப் பயன்படுத்துவது. நானும் பின்னால் அதற்குத்தான் மாறினேன்.

மேலே காய்ந்தும் கீழே சொதசொதவென்றும் இருந்தால் அது கசிவே இல்லாமல் போகலாம், புவியீர்ப்பு மட்டுமே காரணமாக இருக்கலாம். வைப்ஸ் துணி நெய்ததில்லை. இழைகளைப் பரப்பி, அதிக அழுத்தத்தில் ஊசி போன்ற நீர்த்தாரைகளைப் பாய்ச்சி ஒன்றோடொன்று சிக்கவைத்துச் செய்வது. மரக்கூழிலிருந்து வரும் விஸ்கோஸ் இழை தண்ணீரைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் உறிஞ்சாது, தண்ணீர் இழைகளுக்கு இடையில்தான் நிற்கும், மெதுவாகக் கீழே இறங்கும். அதனால் பாக்கெட்டை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி வையுங்கள். ஸ்டிக்கர் பக்கம் கீழே இருந்தால் அடுக்கின் எடையே ஸ்டிக்கரை அழுத்தி மூடவும் செய்யும்.

ஒன்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். காய்ந்த பாக்கெட்டில் தண்ணீர் ஊற்றிப் பயன்படுத்துவது. எங்கள் வீட்டுக்கு உதவிக்கு வந்தவர் நல்ல மனதோடு அதைச் செய்தார், நான் பதறிப்போய் அந்தப் பாக்கெட்டை எறிந்தேன். அந்த லோஷனில் பெரும்பங்கு தண்ணீர்தான், ஆனால் மீதியில் கிருமி வளராமல் காக்கும் பொருள்கள் கணக்காகச் சேர்க்கப்பட்டிருக்கும். சோடியம் பென்சோயேட் போன்றவை லேசான அமிலத்தன்மையில்தான் வேலை செய்யும். தண்ணீர் ஊற்றினால் அவை நீர்த்துப்போகும், அமிலத்தன்மையும் குறையும். ஈரமும் மரநாரும் விரல் அழுக்கும் சேர்ந்த இடத்தில் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? ஆலையிலேயே இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவில் 2014-இல் குழந்தை வைப்ஸ் பாக்கெட்டுகள் பர்கோல்டேரியா செபாசியா என்ற பாக்டீரியா இருந்ததால் திரும்பப் பெறப்பட்டது ஓர் உதாரணம். உடல்பலம் குறைந்தவர்களுக்கு அது ஆபத்தான கிருமி. பாக்கெட்டில் திறந்த டப்பா மாதிரி சின்னப் படமும் அதற்குள் மாத எண்ணிக்கையும் இருந்தால், அது திறந்த பிறகு எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பதன் கணக்கு. காப்புப்பொருளிலும் ஒன்றைக் கவனியுங்கள். மெத்தில்ஐசோதயசோலினோன் பலருக்குத் தோல் ஒவ்வாமை தந்ததால், அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-க்கான ஒவ்வாமைப் பொருளாகவே அதை அறிவித்தது. பாக்கெட்டின் பின்பக்கம் அந்தப் பெயர் இருந்தால் நான் எடுக்கமாட்டேன்.

ஒற்றைத் தாள் சாஷே வேறு கதை. 1957-இல் ஆர்தர் ஜூலியஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கிய வெட் நாப் அந்த வடிவம்தான். 1960-இல் சிகாகோ உணவகக் கண்காட்சியில் காட்டினார், 1963-இலிருந்து கென்டக்கி ஃபிரைட் சிக்கன் வாடிக்கையாளர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. ஒன்றுக்கு ஒரு உறை என்பதால் மூடும் தொல்லையே இல்லை. ஆல்கஹால் சாஷேயில் மட்டும் அலுமினியத் தகடு ஒரு அடுக்காக இருப்பது நல்லது. வெறும் பாலிஎத்திலீன் வழியாக ஆல்கஹால் மெல்ல வெளியேறிவிடும். கிழிப்பதற்கு ஓரத்தில் சின்ன வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பல்லால் கடிக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. கழிவறைக்குள் போடாதீர்கள். கழிவறைக் காகிதம் குட்டையான மரநார்களால் ஆனது, தண்ணீரில் ஊறினால் பிரிந்துவிடும். வைப்ஸோ மாதக்கணக்கில் ஈரத்தில் ஊறியும் கிழியாமல் இருப்பதற்கென்றே செய்தது. லண்டன் வைட்சாப்பல் சாக்கடையில் 2017-இல் கொழுப்பும் வைப்ஸும் இறுகி 250 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 130 டன் கட்டியாக அடைத்துக்கொண்டது. அதை உடைத்து எடுத்தது தொழிலாளர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பிளாஸ்டிக் இழை உள்ள வைப்ஸ் பாக்கெட்டில் 2021 ஜூலையிலிருந்து அதைச் சொல்லும் முத்திரை கட்டாயம். நாம் பார்க்க வேண்டியதும் அதுதான், இழை எது என்று எழுதியிருக்கிறதா என்பது.

கடையில் நிற்கும்போது நான் இப்போதும் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். அமுக்கிப் பார்ப்பேன், ஸ்டிக்கர் நுனியைத் தொட்டுப் பார்ப்பேன், பின்பக்கம் படிப்பேன். முதலில் சின்னப் பாக்கெட் ஒன்றே ஒன்று வாங்குவேன். வீட்டுக்கு வந்ததும் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையால் திறந்து, ஒன்று எடுத்து, மூடிப் பார்ப்பேன். அது முடிந்தால்தான் அதே வகையில் பெரியதை வாங்குவேன்.