பார்க்கின்சன் உள்ள அப்பா திடீரென்று பொருள் வாங்கிக் குவிக்கிறார். இது அவருடைய சுபாவமா, மருந்தின் வேலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

உங்கள் அப்பா முன்பு கணக்குப் பார்த்துச் செலவு செய்தவர், இப்போது நாள் முழுக்க ஆன்லைனில் எதையாவது வாங்குகிறார், டாக்டர் கேட்டால் மட்டும் "ஒரு பிரச்சினையும் இல்லை" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. அம்மாவுக்கு இதே நோய் என்பதால், இதைக் கண்டறியும் பரிசோதனையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். பிராமிபெக்சோல், ரோபினிரோல், அல்லது தோலில் ஒட்டும் ரோட்டிகோட்டின் இருக்கிறதா? டோபமின் என்பது மூளையில் செய்தி கடத்தும் ஒரு ரசாயனம். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை நேரடியாகத் தூண்டும் மருந்துகள் இவை. கை கால் அசைவைச் சீராக்குவதோடு, ஆசையையும் அது நிறைவேறும் சந்தோஷத்தையும் கவனிக்கும் மூளைப் பகுதியையும் கிளப்பிவிடும். 2010-ல் வெளியான டொமினியன் ஆய்வில் 3,090 நோயாளிகளைப் பார்த்தார்கள். சூதாட்டம், வாங்கிக் குவித்தல், அடக்க முடியாத பாலுறவு வேட்கை, அளவுமீறிச் சாப்பிடுதல் இவற்றில் ஒன்றாவது இருந்தவர்கள், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம், எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். மருந்து தொடங்கிய உடனே வர வேண்டும் என்றில்லை. மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும், அதனால்தான் வீட்டில் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

சரி, எப்படி அளக்கிறார்கள்? க்விப் என்று ஒரு வினாத்தாள் உண்டு. மேலே சொன்ன நான்கோடு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது, பொழுதுபோக்கிலேயே மூழ்கிக் கிடப்பது, பார்க்கின்சன் மாத்திரையையே சொன்னதைவிட அதிகமாகப் போட்டுக்கொள்வது ஆகியவற்றையும் விசாரிக்கும். இதன் மதிப்பெண் வடிவம் 2012-ல் வந்தது. கடந்த நான்கு வாரத்தை மனதில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை போட வேண்டும். அதைப் பற்றியே எவ்வளவு நினைக்கிறீர்கள், உந்துதல் எவ்வளவு, அடக்குவது எவ்வளவு கஷ்டம், அதைத் தொடர்வதற்காகப் பொய் சொல்கிறீர்களா, மறைக்கிறீர்களா, கடன் வாங்குகிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது என் எண்ணம். செலவு செய்வது யாருக்கும் இயல்பு, வந்த பார்சலை ஒளித்து வைப்பது இயல்பில்லை.

ஆனால் இந்த மதிப்பெண் ஒரு சல்லடைதான். அதிகமாக வந்தால் உடனே நோய் என்று முடிவு கட்ட மாட்டார்கள், உட்கார வைத்து விரிவாகப் பேசுவார்கள். குறைவாக வந்தாலும் விட்டுவிடக் கூடாது. வெட்கம் ஒரு காரணம், மாத்திரையைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம் இன்னொன்று. சிலருக்கு அது தப்பாகவே தெரியாது.

அம்மாவின் தாளில் எல்லாமே பூஜ்ஜியம். பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரி என்ன செய்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். விடிய விடியப் பழைய துணிகளின் தையலைப் பிரிப்பார், மறுபடி தைப்பார், மறுபடி பிரிப்பார். நடுவில் கூப்பிட்டால் எரிந்து விழுவார். நான் அதைத் தூக்கம் வராத கோளாறு என்று நினைத்திருந்தேன். இதற்குப் பெயர் பன்டிங். எண்ணச் சுழற்சி நோயில் (ஓசிடி), செய்யாவிட்டால் ஏதோ ஆகிவிடும் என்ற பயம் பின்னால் இருக்கும். இதில் பயம் கிடையாது, அதில் ஒரு லயிப்பு, அவ்வளவுதான். அதனால் அம்மாவுக்கு மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

எனவே உங்களையும் தனியாகக் கேட்கும்படி டாக்டரிடம் சொல்லுங்கள். "அப்பா ரொம்பச் செலவு செய்கிறார்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த மாதம் ஆரம்பித்தது, அதற்கு முன்பு மருந்தின் அளவு மாறியதா, பணம் எங்கிருந்து வருகிறது, வாங்கியதைப் பிரித்தாவது பார்க்கிறாரா என்று குறித்துக்கொண்டு போங்கள். அவரை அக்கம்பக்கத்து மனிதரோடு ஒப்பிட வேண்டாம், மருந்துக்கு முந்தைய அவரோடு ஒப்பிடுங்கள். அப்புறம், கேட்கச் சங்கடமாக இருந்தாலும் சூதாட்டம், பாலுறவு வேட்கை, சாப்பாடு என்ற மற்ற மூன்றையும் டாக்டரைக் கேட்க விடுங்கள். ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றும் இருப்பது சகஜம்.

நீங்களாக மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பதற்றம், மனச்சோர்வு, அந்த மருந்துக்கே ஏங்குவது என்று வேறொரு அவதி தொடங்கும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார், அதுவரை கார்டின் வரம்பைக் குறைத்து வைக்கலாம். குறைத்த பிறகு அதே வினாத்தாளை மறுபடி நிரப்பி முதல் மதிப்பெண்ணோடு வைத்துப் பார்ப்பார்கள், அதனால் முதல் தாளின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.